வண்டிச் சாவியும் ஜாமீன் கையெழுத்தும்

கடன், வட்டி, தவணை ஆகியவற்றைப் பற்றிச் சங்க அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பக்கங்களில் நமது வழக்கமான பணியாகும். இம்மாதம் அவற்றோடு நெருங்கிய உறவுடையதும், எனினும் எந்தச் சங்கத்தின் பேரேட்டிலும் பதிவாகாததுமான ஒரு பொறுப்பைப் பற்றிச் சில கூற விரும்புகிறோம். வீட்டிலுள்ள மோட்டார் சைக்கிளின் சாவியை, வயது நிரம்பாத மகனிடமோ மகளிடமோ கொடுப்பதால் விளையும் பொறுப்பே அது.

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தையும் அதனைச் சூழ்ந்த வெம்பக்கோட்டை, சிவகாசி, இராஜபாளையம் வட்டாரங்களையும் எடுத்துக்கொண்டால், இருசக்கர வாகனம் இல்லாத நெசவாளர் வீடோ விவசாயி வீடோ இன்று அரிதாகவே காணப்படும். நூல் கட்டு வாங்கி வருவதற்கும், நெய்த துணியை ஒப்படைப்பதற்கும், உரமூட்டை ஏற்றிச் செல்வதற்கும், தோட்டத்து மோட்டாரைப் போட்டு வருவதற்கும் அதுவே துணையாக இருக்கிறது. தந்தை தறியை விட்டு எழ முடியாத வேளையிலும், தாய் களையெடுப்பில் இருக்கும் வேளையிலும், பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவது இயல்பாகிவிட்டது. இது செல்வச் செருக்கினால் நேர்வதன்று. வேலை நெருக்கடியினால் நேர்வது என்பதை நாம் நன்கு அறிவோம். ஆனால் சாலையில் நேரும் விபத்து, வண்டி எடுத்த காரணத்தைக் கேட்டுவிட்டு வருவதில்லை.

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் அவ்வாண்டில் 64,105 விபத்துகள் நேர்ந்து, 17,884 பேர் மாண்டனர். விபத்துகளின் எண்ணிக்கையில் நம் மாநிலமே அவ்வாண்டு முதலிடத்தில் நின்றது. நாடு முழுவதும் இறந்தோரில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்களே. ஆகையால், இதனைக் காரில் செல்லும் பட்டணவாசிகளின் பிரச்சினை என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

சட்டம் வகுத்துள்ள வயது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வயதைப் பற்றித் தெளிவாகக் கூறுகிறது. பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டுவதற்குப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். வாடகைக்குச் சரக்கு ஏற்றும் லோடு ஆட்டோ, வேன், லாரி போன்ற போக்குவரத்து வாகனங்களை ஓட்ட இருபது வயது ஆகியிருக்க வேண்டும். டிராக்டரும் மோட்டார் வாகனமே. சொந்த வயலைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிட்டால், அதனை ஓட்டுபவருக்கும் வயதும் உரிமமும் வேண்டும்.

பதினாறு வயதினருக்கும் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. எஞ்சினின் கொள்ளளவு 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை, பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதத்துடன் உரிமம் பெற்று அவர்கள் ஓட்டலாம். இச்சலுகையே நம் ஊர்களில் பெருங்குழப்பத்திற்கு வித்திட்டிருக்கிறது. 1980ஆம் ஆண்டு டி.வி.எஸ். 50 என்னும் மொபெட் விற்பனைக்கு வந்தது. அன்று முதல் அவ்வகை வண்டிகள் அனைத்தையும் ‘டி.வி.எஸ். 50’ என்றே அழைப்பது நம் மக்களின் வழக்கமாயிற்று. வண்டி மாறிய பின்னும் பெயர் மாறவில்லை. பின்னர் வந்த எக்ஸ்.எல். சூப்பர் ஏறக்குறைய 70 சி.சி. உடையது, எக்ஸ்.எல். 100 என்பதோ 99.7 சி.சி. உடையது. சட்டத்தின் சலுகை இவ்விரண்டிற்கும் பொருந்தாது. பெரிய ஸ்கூட்டர்கள் 100 சி.சி.யையும் கடந்தவை. எனவே, ‘சின்ன வண்டிதானே, பதினாறு வயதுக்கு ஓட்டலாம்’ என்று சொல்லிக்கொண்டு மூட்டை ஏற்றும் மொபெட்டைப் பையனிடம் கொடுப்பவர், இல்லாத சலுகையை நம்பிக் கொடுக்கிறார். அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, கொள்ளளவு என்ன என்பதை இன்றே ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

மின்சார ஸ்கூட்டரைப் பற்றியும் இதே ஐயம் எழுகிறது. மோட்டாரின் திறன் கால் கிலோவாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் உள்ளவை மட்டுமே மோட்டார் வாகனமாகக் கருதப்படாமல் விலக்குப் பெறும். அதற்கு மேற்பட்டவை யாவும், சத்தமின்றி ஓடினாலும், சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனங்களே.

இளைஞருக்கு ஏன் தனி ஆபத்து?

‘என் மகன் என்னைவிட நன்றாக ஓட்டுகிறான்’ என்று பெருமையுடன் கூறும் தந்தையர் பலர். கையும் காலும் இயங்கும் விரைவில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வண்டியைச் செலுத்துவது வேறு, சாலையைப் படிப்பது வேறு. முன்னே செல்லும் வேன் நிற்கப் போகிறது என்பதையும், கருவேலம் புதரின் மறைவிலிருந்து ஆடு குறுக்கே வரக்கூடும் என்பதையும், கண்மாய்க்கரை வளைவில் எதிரே டிராக்டர் வரலாம் என்பதையும் முன்கூட்டியே ஊகிக்கும் அறிவு, பல நூறு முறை சாலையைக் கண்ட பின்னரே ஒருவருக்கு வாய்க்கிறது. மேலும், ஆபத்தை எடைபோட்டு அவசரத்தை அடக்கும் மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி பெறுகிறது என்பது மருத்துவ அறிஞர்களின் முடிவு. இது குணக்கேடன்று, பருவத்தின் இயல்பு.

பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் மூன்று செய்திகளை ஒரே விதமாகக் காட்டுகின்றன. முதலாவது, உரிமம் பெற்றுத் தனியே ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களே மிகுந்த ஆபத்துடையவை; பெரியவர் ஒருவர் உடனிருந்து பழக்கும் காலத்தில் ஆபத்து மிகவும் குறைவு. இரண்டாவது, ஒத்த வயதுத் தோழர்கள் உடன் ஏறினால், ஓட்டும் இளைஞர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு அதிகரிக்கிறது. மூன்றாவது, இரவுப் பயணம் அவ்வாய்ப்பை மேலும் கூட்டுகிறது. திருவிழா இரவில் மூன்று பேர் ஒரே வண்டியில் செல்வது, இம்மூன்றையும் ஒருங்கே சேர்த்துக்கொள்வதாகும்.

வேகத்தின் கணக்கையும் அறிந்திருக்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிப்பதற்குள்ளேயே அத்தூரம் போய்விடுகிறது. பிரேக் பிடித்த பின் வண்டி நிற்க வேண்டிய தூரமோ, வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகிறது. பின்னே இரண்டு நூல் மூட்டைகள் இருந்தால் வண்டியை நிலைகுலையாமல் நிறுத்துவது இன்னும் கடினம்.

நம் வட்டாரச் சாலைகளுக்கென்று தனி இடர்களும் உண்டு. விடியலிலும் மாலையிலும் பட்டாசு ஆலைகளுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் வேன்கள் ஒன்றையொன்று முந்துகின்றன. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் சரக்கு லாரிகள் பெருகுகின்றன. ஆடி மாதத்தில் இருக்கன்குடிக்கு நடந்து செல்லும் பக்தர்கள் இரவெல்லாம் சாலையோரத்தில் செல்கிறார்கள். அறுவடைக் காலத்தில் மக்காச்சோளத்தைச் சாலையிலேயே காயவைத்து, ஓரங்களில் கற்களை அடுக்கிவைப்பவர்கள் நம்மவர்களே. அனுபவசாலியும் நிதானிக்க வேண்டிய இடங்கள் இவை.

படிப்படியான உரிமம்

இவ்வாபத்தைக் கண்ட சில நாடுகள் ‘படிப்படியான உரிமம்’ என்னும் முறையை வகுத்தன. முழு உரிமையை ஒரே நாளில் வழங்காமல், ஆபத்துக் குறைந்த சூழ்நிலையில் முதலில் பழகவிட்டு, அனுபவம் ஏற ஏற உரிமையைக் கூட்டுவதே இதன் தத்துவம். நியூசிலாந்து 1987ஆம் ஆண்டில் இதனை முழு அளவில் கொண்டுவந்தது. பழகுநர், வரம்புக்குட்பட்டவர், முழு உரிமையாளர் என மூன்று படிகள் அங்கு ஏற்பட்டன. இரண்டாம் படியில் உள்ளவர், மூத்த ஓட்டுநர் உடனில்லாமல் இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டலாகாது. பிறரை ஏற்றிச் செல்லலும் ஆகாது.

ஈழத் தமிழர் பெருந்தொகையினராகக் குடியேறியுள்ள கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 1994ஆம் ஆண்டில் இம்முறையை ஏற்றது. அங்கே மோட்டார் சைக்கிள் பழகத் தொடங்குபவர் பகல் வெளிச்சத்தில் மட்டுமே ஓட்ட வேண்டும். பின்னே எவரையும் ஏற்றலாகாது. பெருவேக நெடுஞ்சாலைகளில் நுழையலாகாது. கார் பழகுபவருக்கு அருகில், குறைந்தது நான்காண்டு அனுபவமுள்ள ஓட்டுநர் அமர்ந்திருக்க வேண்டும். நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிளுக்கே மூன்று படிகள் உள்ளன. முதலில் 200 சி.சி. வரை, ஓராண்டு கழித்துத் தேர்வு பெற்றால் 400 சி.சி. வரை, மேலும் ஓராண்டு கழித்தே அதற்கு மேற்பட்டவை. மலேசியாவில் புதிய ஓட்டுநர் இரண்டாண்டுக் காலம் தகுதிகாண் நிலையில் இருந்து, அதற்குரிய அடையாளத்தை வண்டியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருபத்தொரு வயதுக்குட்பட்டவர் தனியே கார் ஓட்டும் தகுதியைப் பெறுவதற்கு முன், பெரியவர் துணையுடன் 120 மணி நேரம் ஓட்டிப் பழகிய கணக்கைக் காட்ட வேண்டும்.

இம்முறை நமக்குப் புதியதன்று என்பதை அங்கத்தினர்கள் எளிதில் உணர்வார்கள். தறி பழகுபவர் முதலில் தார் சுற்றி, பிறகு அறுந்த இழையை முடிந்து, பிறகே தறியில் அமர்கிறார். அமர்ந்த அன்றே அவரிடம் கரைச் சேலைப் பாவை எவரும் ஒப்படைப்பதில்லை. ஏருக்குப் பழகாத இளங்காளையைப் பழகிய மாட்டோடு இணைத்தே விவசாயி பூட்டுகிறார். சங்கமும் அவ்வாறே நடக்கிறது. புதிதாகச் சேர்ந்த அங்கத்தினருக்குச் சிறு கடன் வழங்கி, தவணை தவறாமல் அவர் கட்டுவதைக் கண்ட பின்னரே கடன் வரம்பை உயர்த்துகிறது. இதனை அவர்மீது நம்பிக்கையின்மை என்று எவரும் கூறுவதில்லை.

நம் சட்டத்தில் உள்ள இடைவெளி

நம் நாட்டுச் சட்டத்திலும் படிகள் இல்லாமலில்லை. பதினாறு, பதினெட்டு, இருபது என்னும் வயதுப் படிகளைக் கண்டோம். மக்கள் எல்.எல்.ஆர். என்று கூறும் பழகுநர் உரிமம் ஒரு படியாகும். அதனைப் பெற்றவர் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைத் தளத்தில் சிவப்பு ‘எல்’ எழுத்தைப் பொறிக்க வேண்டும். உரிமம் உள்ள ஒருவர் உடனிருந்து கற்பிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் கற்பிப்பவரைத் தவிர வேறெவரையும் ஏற்றலாகாது. ஆறு மாதம் செல்லத்தக்க இவ்வுரிமத்தைப் பெற்று முப்பது நாட்கள் கழிந்த பின் ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம்.

ஆனால் அத்தேர்வில் தேறிய அன்று மாலையே எல்லா வரம்பும் நீங்கிவிடுகிறது. முப்பத்தோராம் நாள் வரை ‘எல்’ பலகையுடன் சென்ற பதினெட்டு வயது இளைஞர், அடுத்த நாள் இரவில் 350 சி.சி. மோட்டார் சைக்கிளில் தோழரை ஏற்றிக்கொண்டு மதுரை நெடுஞ்சாலையில் செல்லச் சட்டத்தில் தடையில்லை. ஆராய்ச்சியாளர் எக்காலத்தை மிக ஆபத்தானது என்கிறார்களோ, அக்காலத்திற்கு நம்மிடம் படியே இல்லை. பதினாறு வயதுப் படியோ, அதற்குரிய வண்டி கடைகளில் அருகிப்போனமையால் ஏட்டளவில் நிற்கிறது. சட்டம் வைக்காத இப்படியை வீடே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புவது.

சாவி கொடுப்பவர் ஏற்கும் பொறுப்பு

வயது நிரம்பாதவர் ஓட்டினால் என்ன நேரும்? 2019 செப்டம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 199-ஏ பிரிவு, அவர் செய்யும் வாகனக் குற்றத்திற்குப் பெற்றோரையோ வண்டியின் உரிமையாளரையோ குற்றவாளியாகக் கருதுகிறது. மூன்றாண்டுகள் வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டியவர் இருபத்தைந்து வயது வரை உரிமம் பெறும் தகுதியை இழப்பார். வேன் ஓட்டியும் லாரி ஓட்டியும் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த நம் பகுதியில், இவ்வொரு விதியே ஓர் இளைஞரின் பிழைப்பை ஏழு எட்டு ஆண்டுகள் தள்ளிவைத்துவிடும்.

‘எனக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றான்’ என்று கூறித் தப்பலாமா? தமக்குத் தெரியாது என்பதையோ, தாம் தக்க எச்சரிக்கையுடன் தடுத்தும் நடந்துவிட்டது என்பதையோ மெய்ப்பிக்கும் சுமை பெற்றோர் மீதே விழுகிறது. சம்மதத்துடன்தான் கொடுத்தார்கள் என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். சுவரில் அடித்த ஆணியில் எல்லாரும் எடுக்கும்படி சாவி தொங்கும் வீட்டில் இதனை மெய்ப்பிப்பது எங்ஙனம்?

சிறையையும் அபராதத்தையும்விடப் பெரிய சுமை இழப்பீடாகும். ஓர் உதாரணம் கூறுவோம். மாதம் 12,000 ரூபாய் ஈட்டும் முப்பத்திரண்டு வயதுத் தொழிலாளி ஒருவர், மனைவி மக்கள் பெற்றோர் என நால்வரை விட்டு விபத்தில் இறந்துவிட்டார் என்று கொள்வோம். ஆண்டு வருமானம் 1,44,000 ரூபாய். உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் வகுத்த முறைப்படி, எதிர்கால உயர்வுக்காக இதனோடு நூற்றுக்கு நாற்பது கூட்டினால் 2,01,600 ஆகிறது. அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 1,51,200 எஞ்சும். அவர் வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக, இழப்பீடு 24,19,200 ரூபாய். ஈமச் செலவு முதலியவை இதற்கு மேல்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று அங்கத்தினர் கேட்கலாம். உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பது காப்பீட்டு ஒப்பந்தத்தின் நிபந்தனையை மீறுவதாகும். இத்தகைய வழக்குகளில் பாதிக்கப்பட்ட குடும்பத்திற்குக் கம்பெனி முதலில் தொகையைக் கொடுத்துவிட்டு, பின்னர் அதனை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. தம் மோட்டார் சைக்கிளின் சாவியை வயது நிரம்பாத பையன் தாமே எடுத்துச் சென்றான் என்று உரிமையாளர் வாதாடிய ஒரு வழக்கில், 2011ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்காமல், வசூலிக்கும் உரிமையை உறுதி செய்தது. உரிமையாளரே ஓட்டி இறந்தால் கிடைக்கும் 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடும், செல்லத்தக்க உரிமம் உள்ள உரிமையாளருக்கே உரியது. வண்டி எடுத்துச் சென்ற பையனுக்கு அன்று.

ஜாமீன் கையெழுத்தின் பொருளை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரரின் நிலமும் வீடும் பதில் சொல்லும் என்பதால், உறவினருக்கும் யோசித்தே கையெழுத்திடுகிறார்கள். ஐம்பதாயிரம் ரூபாய்க் கடனுக்கு இரண்டு நாள் யோசிப்பவர், இருபத்து நான்கு லட்ச ரூபாய்ப் பொறுப்பை ஒரு நொடியில் ஏற்கிறார். சாவியைக் கொடுப்பது எழுத்தில்லாத ஜாமீன். அதற்கு உச்ச வரம்பும் இல்லை.

பணக் கணக்கை இத்துணை விரிவாகக் கூறியது, அதுவே பெரிதென்று கருதி அன்று. கடன் எவ்வளவாயினும் தவணை வைத்துத் தீர்க்கலாம். போன பிள்ளைக்குத் தவணை இல்லை. எதிரே வந்து அடிபட்டவரும் ஒரு வீட்டின் தூணாகவே இருப்பார். அவர் நம் சங்கத்து அங்கத்தினராகவும் இருக்கக்கூடும்.

வீட்டில் வைக்கத்தக்க படிகள்

வேலை நெருக்கடி உண்மையானது. ஆகவே ‘கொடுக்காதீர்கள்’ என்று மட்டும் கூறி நின்றுவிடுதல் முறையாகாது. பின்வரும் ஒழுங்கை ஒவ்வொரு குடும்பமும் தன் நிலைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

முதற்படி சைக்கிள். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குச் சைக்கிள் வழங்கப்படுகிறது. இடப்பக்கம் செல்லுதல், திரும்புமுன் பின்னே பார்த்தல், கைச்சைகை காட்டுதல், இரவில் விளக்கின்றிச் செல்லாமை ஆகிய சாலை ஒழுக்கம் யாவும் சைக்கிளிலேயே படியத் தொடங்குகிறது. பதினெட்டு வரை பையனும் பெண்ணும் இப்படியிலேயே நிற்கட்டும்.

இரண்டாம் படி பழகுநர் காலம். பதினெட்டு நிரம்பியவுடன் பழகுநர் உரிமம் எடுத்துவிட வேண்டும். சட்டம் முப்பது நாள் போதும் என்றாலும், வீடு மூன்று மாதமாவது பழக்கட்டும். உரிமம் உள்ள தந்தையோ, தாயோ, அண்ணனோ, அக்காளோ உடன் செல்ல வேண்டும். ஒரு நோட்டில் நாள், நேரம், சென்ற சாலை ஆகியவற்றைக் குறித்து வந்து, ஐம்பது மணி நேரமாவது நிரம்பியதா என்று பாஸ் புத்தகத்தைப் பார்ப்பது போலப் பார்க்கலாம். மணிக்கணக்கு நம் யோசனையே. கூடுதலானால் இன்னும் நன்று.

மூன்றாம் படி, உரிமம் பெற்ற முதல் ஆறு மாதம். பகலில் மட்டும், தனியாக மட்டும், பழகிய சாலையில் மட்டும் ஓட்ட வேண்டும். மூட்டை ஏற்றலாகாது, தோழரை ஏற்றலாகாது. நான்காம் படி, அடுத்த ஆறு மாதம். குடும்பத்தார் ஒருவரைப் பின்னே ஏற்றலாம். பகலில் நெடுஞ்சாலையில் செல்லலாம். ஓராண்டு குற்றமின்றிக் கழிந்த பின் இரவுப் பயணமும் சுமையும் ஆகலாம். கல்லூரிக்கு ஸ்கூட்டரில் செல்லும் பெண்மக்களுக்கும் இவ்வொழுங்கே பொருந்தும்.

எல்லாப் படியிலும் மாறாதவை மூன்று. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசத்தை ஓட்டுபவரும் பின்னிருப்பவரும் வாரைப் பூட்டி அணிய வேண்டும். தலைக்கவசம் மரண ஆபத்தை நூற்றுக்கு நாற்பத்திரண்டும், தலைக்காய ஆபத்தை நூற்றுக்கு அறுபத்தொன்பதும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டுள்ளனர். வண்டியில் மூவர் ஏறலாகாது. ஓட்டும்போது கைப்பேசியைத் தொடலாகாது. இவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிடப் பெரியவர்கள் தாமே செய்து காட்டுவது பயன் தரும். தலைக்கவசத்தை டாங்க்கின் மேல் வைத்து ஓட்டும் தந்தையின் சொல் வீட்டில் எடுபடாது.

சாவியைப் பொறுத்தவரை, சங்கத்தின் இரும்புப் பெட்டிச் சாவியை நினைவில் கொண்டால் போதும். அது யாரிடம் இருக்கிறது என்பது எந்நேரமும் தெரிந்திருக்கிறது.

சங்கம் செய்யத்தக்கவை

வீட்டால் மட்டும் முடியாத சிலவற்றைச் சங்கம் செய்யலாம். நூலும் இடுபொருளும் வழங்கும் நாளை ஊர்வாரியாக வகுத்து, ஒரு தெருவாருக்கு ஒரே வண்டியில் கொண்டு சேர்த்தால், பள்ளிப் பிள்ளையைச் சங்கத்திற்கு அனுப்பும் தேவையே பாதியளவு நீங்கும். பள்ளி விடும் நேரத்திற்குப் பேருந்து இல்லாத ஊர்களுக்காகப் போக்குவரத்துக் கழகத்திடம் சங்கத்தின் பெயரால் விண்ணப்பிக்கலாம். தனியொருவரின் மனுவைவிட நூறு அங்கத்தினரின் மனுவுக்கு எடை அதிகம். ஆண்டுக்கொருமுறை, அவ்வாண்டில் பதினெட்டு நிரம்பும் பிள்ளைகளின் பட்டியலைத் தயாரித்து, பழகுநர் உரிமத்திற்கு விண்ணப்பிக்க உதவலாம். மக்காச்சோளம் காயவைக்கப் பொதுக் களம் அமைத்தால் சாலையும் மீளும், தானியமும் மண்படாது.

வரும் மகாசபையில் பின்வரும் தீர்மானத்தை நிர்வாகக் குழுவினர் முன்வைக்கலாம் என்பது நம் வேண்டுகோள்: ‘இச்சங்கத்து அங்கத்தினராகிய நாங்கள், பதினெட்டு வயது நிரம்பாத எவரிடமும் எங்கள் மோட்டார் வாகனத்தின் சாவியைக் கொடுப்பதில்லை என்றும், உரிமம் பெற்ற எங்கள் பிள்ளைகளை முதல் ஓராண்டு இரவிலும், தோழரை ஏற்றிக்கொண்டும் ஓட்ட விடுவதில்லை என்றும் உறுதி கூறுகிறோம்.’

ஒரு வீட்டார் மட்டும் மறுத்தால் பையன் அடுத்த வீட்டைக் காட்டி வாதாடுவான். ஊரே ஒப்புக்கொண்டால் அவ்வாதத்திற்கு இடமிருக்காது. தனியொருவரால் ஆகாததைப் பலர் கூடிச் செய்வதற்கென்றே சங்கங்கள் ஏற்பட்டன. தீர்மானம் நிறைவேற்றிய சங்கங்கள் அதன் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, அடுத்த ஆய்வின்போது நமக்கும் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.